டிசம்பர் விடுமுறை: நாரோக் முதல் குரியா வரை

2024 டிசம்பர் 3, செவ்வாய்: நைரோபியிலிருந்து நாரோக்

கென்யாவில் நவம்பரும் டிசம்பரும் பள்ளிகளின் நீண்ட விடுமுறைக் காலம். சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் காலமும் இதுதான். புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அதுவும் ஆசிரியர்கள் கண்ணில் படாமல் ஆற வேண்டும். அதனால் இந்த வழக்கத்தை எதிர்த்து வேலை செய்பவர்கள் யாருக்கும் டிசம்பரில் ஓய்வு கிடையாது. என் தோழி கென்யாவைச் சேர்ந்த செவிலியர். பிரசவ வார்டிலேயே பல ஆண்டுகள் கழித்தவர். ஒவ்வொரு விடுமுறைக்கும் நாரோக், கிசி, குரியா பகுதிகளுக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசிவிட்டு வருவார். நானும் பேறுகாலச் செவிலிதான். இந்த டிசம்பரில் அவருடன் போகிறேன்.

நாரோக் போகும் மட்டாட்டு வேனில் ஒருவருக்கு 600 ஷில்லிங். "இதோ கிளம்பிவிட்டோம்" என்று காலை ஏழு மணிக்கு எங்களை ஏற்றிய நடத்துநர், கடைசி இருக்கை நிரம்பும்வரை இரண்டு மணி நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. வேர்க்கடலை, கைக்குட்டை, தொலைபேசி உறை என்று விற்பவர்கள் சன்னல் சன்னலாக வந்து போனார்கள்.

பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் மூடுபனி. விரல் விறைக்கும் குளிர். சாலையோரம் ஆட்டுத்தோல் தொப்பிகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். வளைந்து வளைந்து கீழே இறங்கியதும் வெயில் சுட்டது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியக் கைதிகள் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் ஒன்று அடிவாரத்தில் இருக்கிறது. அதைக் கடந்து, மாய் மஹியூ ஊரும் போய், மரமே இல்லாத ஒரு வெளியில் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. ஓட்டுநர் வேறொரு வண்டியை நிறுத்தி அதில் ஏறிப் போனார். நாங்கள் வேனின் நிழலில் உட்கார்ந்தோம்.

பக்கத்தில் இருந்த, கென்யாவின் மேரு பகுதியைச் சேர்ந்த பெண்மணிக்கு அறுபது வயது இருக்கும். பையிலிருந்து அவித்த சோளத்தை எடுத்து, கேட்காமலே மூன்றாக முறித்துக் கொடுத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டபோது தோழி எதையும் மறைக்கவில்லை. சுற்றிலும் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா குரலைத் தாழ்த்தாமலே பேசினார்.

அவருடைய தாயார் 1956-இல் சிறுமி. அந்த ஆண்டுதான் ஆங்கிலேய அதிகாரிகளின் தூண்டுதலில் மேருவின் மூத்தோர் சபையான ஞூரி ஞெக்கே, பெண்களை வெட்டக் கூடாது என்று தடை விதித்தது. சபையில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். சிறுமிகள் கூட்டங்கூட்டமாகப் புதருக்குள் போய், கடையில் வாங்கிய சவர பிளேடால் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் 2,400-க்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் போடப்பட்டது. "அம்மாவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. எங்களிடம் ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லையே என்று சாகும்வரை சொல்வாள். ஆனால் நானும் என் தங்கைகளும் உட்கார்ந்து பேசி, எங்கள் பெண்களில் ஒருத்தியையும் வெட்டுவதில்லை என்று முடிவெடுத்தபோது அவள் தடுக்கவில்லை" என்றார்.

தங்கைகள் எத்தனை பேர் என்று தோழி கேட்டார். நான்கு. தனியாக இருந்திருந்தால் மாமியாரிடம் தோற்றிருப்பேன் என்று அவரே சொன்னார். மாலை மூன்று மணிக்கு டயர் வந்தது.

டிசம்பர் 4, புதன்: நாரோக்

விடுதி அறைக்கு 1,500 ஷில்லிங். குழாயில் தண்ணீர் வரவில்லை. கேட்டவுடன் ஒரு பையன் இரண்டு வாளி வெந்நீர் கொண்டுவந்து வைத்து, பணம் வாங்க மறுத்துவிட்டான். காலையில் பாலிலேயே கொதிக்கவைத்த தேநீரும் மண்டாசியும். மைதாவை உப்பவைத்துப் பொரித்த இந்த மண்டாசி ஒன்று 20 ஷில்லிங். இரண்டு தின்றால் மதியம்வரை தாங்கும். பத்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. நாரோக் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. சுற்றிலும் உள்ள கோதுமை வயல்களின் மண்ணையெல்லாம் சேர்த்துக்கொண்டு செந்நீர் கடைத்தெரு வழியாக ஓடியது.

இந்த ஊரில் ஆக்னஸ் பரேயியோவின் பெயரைச் சொன்னால் தேநீர்க் கடைக்காரருக்கும் தெரிகிறது. தாமும் பதினான்கு வயதில் வெட்டப்பட்டவர். பெண்ணின் உடற்பகுதியை மரத்தில் செய்து, வெட்டினால் என்ன போகிறது, பிரசவத்தில் என்ன ஆகிறது என்று காட்டுவதற்காக அதைத் தூக்கிக்கொண்டு மாசாய் இன மக்களின் கிராமங்களுக்கு நடந்தே போனார். அவருடைய முயற்சியில் 2002-இல் நாரோக்கில் தசாரு ந்தோமோனோக் என்ற காப்பகம் திறந்தது. வெட்டுக்கும் குழந்தைத் திருமணத்துக்கும் தப்பி ஓடிவரும் சிறுமிகளுக்கு அது அடைக்கலம். பின்னாளில் இந்த வழக்கத்தை ஒழிப்பதற்கான தேசிய வாரியத்துக்கே அவர் தலைவரானார். பாராளுமன்றத்தில் சட்டம் வருவதற்கு வெகுகாலம் முன்பே மரப்பொம்மையோடு நடந்த அந்தக் கால்களைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை விடும்வரை ஒரு டயர் பழுதுபார்க்கும் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் மாசாய் இளைஞர். தோழிக்கு முன்பே பழக்கம். அவருடைய மனைவி வெட்டப்படாதவர். மாசாய்களிடையே 2014 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 78 பெண்கள் வெட்டப்பட்டிருந்தார்கள். அப்படியொரு இடத்தில் இந்தத் திருமணம் எளிதாக நடக்கவில்லை. வெட்டு என்பது சிறுமி பெண்ணாகிவிட்டாள் என்பதற்கான அடையாளம். அது நடக்காதவள் எத்தனை பிள்ளை பெற்றாலும் சிறுமிதான் என்பது பழைய கணக்கு. "என் மனைவி ஊற்றிக் கொடுத்த பாலை என் அம்மா மூன்று வருடம் குடிக்கவில்லை. குவளையை வாங்கிக் கீழே வைத்துவிடுவாள். என் மனைவி மறுநாளும் ஊற்றிக் கொடுப்பாள்" என்றார். பிறகு? "என் தம்பிகள் இருவரும் அதேபோல் மணந்துகொண்டார்கள். அப்புறம் வீட்டில் வேறு யார் கைப்பால் இருக்கிறது குடிக்க?"

அவர் சொல்லும்போது சிரிக்கவில்லை. அந்த மூன்று வருடத்தை அந்தப் பெண் எப்படிக் கழித்திருப்பார் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனக்கிறது. துணிச்சலான சிறுமிகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். தினமும் அவமதிக்கப்பட்டும் மறுநாள் பால் ஊற்றும் மருமகளைப் பற்றி யாராவது எழுத வேண்டும்.

டிசம்பர் 5, வியாழன்: நாரோக்கிலிருந்து உள்ளே

வாடகை மோட்டார் சைக்கிளில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் சேறு. இறங்கியதும் குழந்தைகள் ஓடிவந்து தலையைக் குனிந்து நின்றார்கள்; பெரியவர்கள் உச்சந்தலையில் கை வைத்து அவர்களை வாழ்த்த வேண்டும். பத்துப் பன்னிரண்டு தலைகளைத் தொட்ட பிறகுதான் அடுத்த அடி எடுத்துவைக்க முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்துப்போன வழக்கம் இது.

அன்று அங்கே மாற்றுச் சடங்கு. வெட்டு இல்லாமலேயே சிறுமியைப் பெண்ணாக ஊர் ஏற்றுக்கொள்ளும் விழா. 1996-இல் தராகா பகுதியில் சில குடும்பங்கள் தொடங்கிய முறை இன்று கென்யாவின் பல பகுதிகளில் நடக்கிறது. சிறுமிகளைச் சில நாள் ஒன்றாகத் தங்கவைத்து உடல், மாதவிடாய், படிப்பு, சட்டம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். கடைசி நாளில் மூத்தோர் வாழ்த்துகிறார்கள். பழைய சடங்கில் இருந்த பாட்டு, மணிமாலை, பரிசு, ஆசி எதையும் விடுவதில்லை. பிளேடு மட்டும் இல்லை.

வெயிலில் மூன்று மணி நேரம் பேச்சு. அதிகாரிகள் பேசினார்கள், போதகர் பேசினார், மறுபடி அதிகாரிகள் பேசினார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெரியவர்கள். சிவப்புப் போர்வைகளும் வெள்ளை மணிகளுமாகச் சிறுமிகள் புல்லில். முதியவர் ஒருவர் புல் கற்றையைப் பாலில் நனைத்து அவர்கள்மேல் தெளித்தபோதுதான் கூட்டம் உண்மையில் அமைதியாயிற்று.

எங்கள் வேலை விழாவுக்குப் பிறகு, ஒரு வகுப்பறையில், தாய்மார்களோடு. துணியில் தைத்த இடுப்பையும் பொம்மைக் குழந்தையையும் வைத்துப் பிரசவத்தைக் காட்டினேன். வடுவான தசை விரியாது. விரியாத இடத்தில் தலை முட்டினால் கிழியும். கிழிந்தால் இரத்தம் நிற்காது. உலக சுகாதார நிறுவனம் கென்யா உட்பட ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,000-க்கும் அதிகமான பிரசவங்களைக் கவனித்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வெட்டப்பட்ட தாய்மாருக்கு ஆயிரம் பிரசவத்தில் 10 முதல் 20 குழந்தைகள் கூடுதலாக இறக்கின்றன என்பது அதில் ஒன்று. இந்த எண்ணைத் தோழி மாசாய் மொழிபெயர்ப்பாளர் வழியாகச் சொன்னபோது பின் வரிசையில் ஒரு மூதாட்டி எழுந்து, தான் இழந்த குழந்தைகளின் எண்ணிக்கையை விரல்களில் காட்டினார். பக்கத்தில் இருந்தவரும் காட்டினார். அதுவரை அவர்கள் அதைச் சாபம் என்று வைத்திருந்தார்கள்.

சன்னலுக்கு வெளியே ஈட்டியோடு நின்று கேட்டுக்கொண்டிருந்த மொரான் எனப்படும் மாசாய் போர்வீர இளைஞர்களில் ஒருவர், வெட்டாத பெண் ஒருவனோடு நிலைப்பாளா என்று கேட்டார். பதில் சொன்னது நாங்கள் அல்ல. அந்த ஊர் ஆசிரியை. "நான் வெட்டப்படாதவள். என் கணவரும் உன்னைப்போல் ஈட்டி பிடித்தவர்தான். போய் அவரிடம் கேள்." இளைஞர்கள் கைதட்டினார்கள்.

திரும்பும்போது தோழி மனம் திறந்தார். இப்படியொரு விழாவில் சான்றிதழ் வாங்கிய சிறுமியை அடுத்த வாரமே இரவோடிரவாக வெட்டிய வீடுகள் உண்டு. ஒருநாள் விழாவுக்கு வரும் நன்கொடை, வருடம் முழுவதும் வீடு வீடாகப் போகும் பெண்ணின் சம்பளத்துக்கு வருவதில்லை. இதில் அவர் சொல்வது முழுக்கச் சரி என்றே நினைக்கிறேன். அந்த ஆசிரியை அங்கேயே இருப்பவர். எங்களையும் அதிகாரிகளையும்விட ஊருக்கு அவரே தேவை.

ஆட்டிறைச்சியைத் தீயில் வாட்டி, உப்பு மட்டும் தொட்டுத் தந்தார்கள். விருந்தாளிக்குக் கல்லீரல் முதலில்.

டிசம்பர் 7, சனி: கிசி

பொமெட் வழியாக வந்த பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது நிலமே மாறியிருந்தது. செங்குத்தான பசுங்குன்றுகள், அடி மண் தெரியாதபடி வாழையும் தேயிலையும், ஒரு வீட்டை அடுத்து இன்னொரு வீடு. மதியம் இரண்டு மணிக்கு மழை. இங்கே அது கடிகாரம் தவறாமல் வருமாம். வாழைக்காயை இறைச்சிச் சாற்றில் வேகவைத்த உணவு ஒரு தட்டு 150 ஷில்லிங்.

கிசியில் ஈட்டியும் இல்லை, பெரிய சடங்கும் இல்லை. படித்தவர்கள் நிறைந்த மாவட்டம். ஆனாலும் 2014 கணக்கில் கிசி இனப் பெண்களில் நூற்றுக்கு 84 பேர் வெட்டப்பட்டவர்கள். இங்கே பலருக்குச் சிறு வயதிலேயே, பெரும்பாலும் விடுமுறையில், வீட்டுக்குள்ளேயே நடந்துவிடுகிறது. செய்பவர் பல வீடுகளில் ஒரு செவிலியர். கையுறை, மரத்துப்போகும் ஊசி, புதிய பிளேடு. "சுத்தமாகச் செய்கிறார்கள், பிறகென்ன?" என்று பேருந்து நிலையத்தில் ஒரு பெண் எங்களிடமே கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

இந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உலகில் வெட்டப்பட்டு வாழும் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அதைச் செய்தது மருத்துவத் துறையைச் சேர்ந்த கை. எங்கள் கை. நோயில்லாத ஒரு குழந்தையின் நலமான உறுப்பை அறுப்பதற்குச் சுத்தமான கத்தி எந்த நியாயத்தையும் தராது. நரம்பு போனது போனதுதான். ஊசி வலியை மறைக்கிறது. கூடவே குற்றத்தையும் மறைக்கிறது. வெள்ளை உடுப்பு வந்து செய்தால் ஊருக்குச் சந்தேகமே வராமல் போய்விடுகிறது. ஆகவே இது பழைய முறையைவிட ஒழிக்கக் கடினமானது.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2011-இல் கென்யா இயற்றிய தடைச் சட்டத்தின்படி குறைந்தது மூன்று ஆண்டு சிறை அல்லது 2 லட்சம் ஷில்லிங்குக்குக் குறையாத அபராதம். மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். வெட்டப்படாதவள் என்று ஒரு பெண்ணை இழிவாகப் பேசுவதும் குற்றம். வயது வந்த பெண்ணின் சம்மதமும் செல்லாது. அந்தச் சம்மதத்தைச் செல்லுபடியாக்க வேண்டும் என்று ஒரு பெண் மருத்துவரே தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2021 மார்ச்சில் தள்ளுபடி செய்தது. சுற்றம் முழுவதும் கூடி நெருக்கும்போது சம்மதம் என்பது என்ன என்று பிரசவ அறையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். தீர்ப்பு சரி.

மாலையில் ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவர் வீட்டில் தேநீர். அவர் பயிற்சிக் கல்லூரி மாணவியருக்குத் தாமாகவே போய் வகுப்பெடுக்கிறார். உள்ளூர்ச் சம்பளத்தில் ஒரு செவிலியர் அந்தக் கூடுதல் பணத்தை எப்படி மறுப்பார் என்பதையும் சேர்த்தே பேசுகிறார். அதுதான் வேண்டும். புறப்படும்போது ஒரு வாழைத் தாரையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அடுத்த ஊரான கெஹான்சா வரை அது எங்கள் மடியில்.

டிசம்பர் 9, திங்கள்: கெஹான்சா, குரியா

நேற்று வந்து சேர்ந்ததும் படுத்தவள்தான். உடம்பு முழுக்கச் சாலை வலி.

குரியா மக்கள் கென்யாவிலும் தான்சானியாவிலும் எல்லையின் இருபுறமும் வாழ்கிறார்கள். இங்கே குலத்தின் மூத்தோர் சபையான இஞ்சாமா இந்த ஆண்டு சடங்கு உண்டா இல்லையா என்று அறிவிக்கிறது. அறிவித்துவிட்டால் ஊரே திருவிழாக் கோலம். வெட்டப்பட்ட சிறுமிகளைப் புதுத்துணி போர்த்திப் பகலில் தெருவழியே ஊர்வலமாக அழைத்துவருவார்கள். 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியிருந்தபோது அப்படி ஊர்வலங்கள் நடந்ததை நாடே பார்த்தது. ஒரு காவல் வண்டி வந்தால் நூறு பேர் சூழ்ந்துகொள்ளும் இடத்தில் சட்டம் தனியாக நின்று என்ன செய்யும்?

தப்பி வரும் சிறுமிகளை டிசம்பர் முழுவதும் ஒரு கூடத்தில் தங்கவைக்கிறார்கள். அது எந்தக் கூடம் என்று எழுத மாட்டேன். சிறுமிகளை நாங்கள் பார்க்கவில்லை. பொறுப்பாளர் அம்மையார் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பார்வையாளர்களுக்கு நான் பிள்ளைகளைக் காட்டுவதில்லை. சமையலறையில் ஆள் தேவை." அவர்மீது எனக்கு அந்த நொடியே மதிப்பு உண்டாயிற்று. ஓடிவந்த கதையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு புதிய விருந்தாளிக்குச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

ஆகவே நாள் முழுக்கச் சமையலறை. சோளமும் அவரையும் சேர்த்து வேகும் கிதேரிக்காக, முறத்தில் அவரையைப் பரப்பிக் கல் பொறுக்கினேன். அவரை கிலோ 150 ஷில்லிங். இரண்டு கிலோ சோள மாவுப் பொட்டலமும் ஏறக்குறைய அதே விலை. ஒரு வேளைக்கே பல பொட்டலம் ஆகிறது. மெத்தை, சோப்பு, மாதவிடாய்த் துணி எல்லாம் இதற்கு மேல். இருந்த ஒரே முக்காலியை எனக்குப் போட்டுவிட்டுச் சமையற்கார அம்மா கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். எழுந்தால் அதட்டி உட்காரவைத்தார்.

அவரை பொறுக்கிக்கொண்டே பொறுப்பாளர் சொன்னதுதான் இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராதது. மீட்பது கடினமில்லை என்றார். பிள்ளைகள் தாமே நடந்து வந்துவிடுகிறார்கள். ஆசிரியர் அனுப்புகிறார், சில வேளை தாயே இரவில் கொண்டுவந்து விட்டுப்போகிறார். திருப்பி அனுப்புவதுதான் கடினம். ஜனவரியில் பள்ளி திறக்கும். அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் போய்ச்சேர ஒரு வீடு வேண்டும். தந்தையை அழைக்க வேண்டும். அவர் ஒத்துக்கொண்டாலும் பாட்டி, சிற்றப்பன், அத்தை எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். அரசு நியமித்த வட்டாரத் தலைவர், குழந்தைகள் நல அலுவலர் முன்னிலையில் எழுதி வாங்குகிறார்கள். பல வீடுகளில் மாடுகளின் கணக்கு ஏற்கெனவே பேசி முடிந்திருக்கும். வெட்டு முடிந்தால் மணம், மணத்துக்கு மாடு, அந்த மாட்டில்தான் மகனின் திருமணம். ஒரு பிள்ளை மறுத்துவிட்டால் அண்ணன், மாமன், பக்கத்து வீடு வரை கணக்குக் குலைகிறது. "அந்தக் கோபத்துக்கு நடுவில் அவளைத் தனியாக நிறுத்தினால் மார்ச்சுக்குள் வெட்டிவிடுவார்கள். அடுத்த டிசம்பர் மறுபடி ஓடிவரவும் அவளுக்குக் காலம் இருக்காது" என்றார். வருடம் முழுவதும் அவர் போகும் வீடுகளின் பட்டியல் ஒரு பழைய கணக்கு நோட்டில் இருந்தது. எந்த வீட்டில் யார் இளகினார், யாருக்கு இன்னும் கோபம் என்று குறிப்புகள். அதை நான் தொடவில்லை. தூரத்தில் பார்த்ததோடு சரி.

சமையற்கார அம்மா என்னிடம் கேட்டார்: "உங்கள் மக்களிடம் இது இல்லையே?"

இருக்கிறது என்றேன். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம் வீடுகள் சிலவற்றில், பிறந்து நாற்பது நாள் ஆகும்போது, இதைச் செய்யும் பெண்ணான ஒஸ்தா மாமியை அழைத்துச் செய்கிறார்கள். மருத்துவர்கள் இதைச் செய்யக் கூடாது என்று 2018-இல் அந்நாட்டுச் சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டது. இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. அந்தச் சமூகத்துப் பெண்களே வெளியே வந்து பேசுகிறார்கள். உச்ச நீதிமன்றத்தில் 2017-இல் தொடங்கிய வழக்கு மறு ஆண்டு பெரிய அமர்வுக்குப் போயிற்று. தனிச் சட்டம் இரு நாட்டிலும் இல்லை. உலகில் வெட்டப்பட்டு வாழ்பவர்கள் என்று யூனிசெஃப் 2024-இல் சொன்ன 23 கோடிப் பேரில் ஆப்பிரிக்காவில் 14 கோடிக்கு மேல், ஆசியாவில் 8 கோடி.

கோடிக் கணக்கை அவர் பொருட்படுத்தவில்லை. "நாற்பது நாளா? எங்கள் பிள்ளைகளுக்காவது கால் இருக்கிறது. நாற்பது நாள் குழந்தை எங்கே ஓடும்?" என்றார். பொறுக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

என்னிடம் பதில் இல்லை. இந்தக் கேள்வியை அப்படியே இங்கே எழுதுகிறேன், நம் மொழியில் படிப்பவர்களுக்காக.

டிசம்பர் 10, செவ்வாய்: இசிபேனியா எல்லை

பெண்களுக்கெதிரான வன்முறையை எதிர்க்கும் பதினாறு நாள் இயக்கத்தின் கடைசி நாள். எல்லை ஊரில் பதாகைகள் மழையில் நனைந்து தொங்கின. இந்தப் பக்கம் இசிபேனியா, அந்தப் பக்கம் சிராரி. நடுவே பணம் மாற்றுபவர்களும் ஆரஞ்சுக் கூடைகளும். பொடிமீன் வறுவலும் உகாலி என்ற சோள மாவுக் களியும் 120 ஷில்லிங். மீன் நன்றாக இருந்தது. விக்டோரியா ஏரி பக்கம்தான்.

தான்சானியாவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களை மட்டுமே காக்கிறது. கென்யாவின் சட்டம் எல்லா வயதினரையும் காக்கிறது. எல்லை தாண்டிப் போய் வெட்டினாலும் தண்டிக்கிறது. ஆனால் குலம் ஒன்றே, மொழி ஒன்றே, சோளக்கொல்லைக்கு நடுவே கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தப் பக்கம் கெடுபிடி என்றால் அந்தப் பக்கத்து அத்தை வீட்டுக்கு விடுமுறைக்குப் போகிறாள் பெண். 2019 ஏப்ரலில் கென்யா, தான்சானியா, உகாண்டா, எத்தியோப்பியா, சோமாலியா ஐந்தும் மொம்பாசாவில் கூடி எல்லை தாண்டிய வெட்டைத் தடுக்க உடன்பட்டன. இங்கே அதை நடத்திக் காட்டுபவர்கள் யார் என்று பார்த்தேன். இரு பக்கத்திலும் உள்ள மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள். இரவில் சிறுமிகளை ஏற்றிப்போகச் சொன்னால் தோழியின் சகாக்களுக்கு ஒரு அழைப்பு. கூலி ஏதும் இல்லை. எங்களை ஏற்றிவந்தவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

திரும்பும் வழியில் சேற்றில் வண்டி சறுக்கி விழுந்தோம். கணுக்கால் வீங்கிவிட்டது. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பாட்டி தன் தலைத்துணியை அவிழ்த்துக் காலைக் கட்டிவிட்டு, துணியைத் திருப்பி வாங்காமலே நடந்துவிட்டார். ஓட்டுநர் தன் முழங்கை இரத்தத்தைப் பார்க்காமல் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

டிசம்பர் 12, வியாழன்: நைரோபி

ஜம்ஹூரி தினம், கென்யாவின் குடியரசு நாள். கடைகள் பாதி மூடியிருக்கின்றன. இரவுப் பேருந்தில் காலை நீட்டவே முடியவில்லை. இப்போது தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த நாட்டின் முதல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, விடுதலைக்கு முன்பு, கிகுயு மக்களின் வழக்கம் என்று இந்த வெட்டுக்காக வாதாடியவர். 1929-இல் கிறித்தவ மிஷன்கள் அதைத் தடுக்க முயன்றபோது பல குடும்பங்கள் தேவாலயத்தையும் பள்ளியையும் விட்டு வெளியேறின. அவருடைய மகன் உஹுரு அதிபராக இருந்தபோது, 2022-க்குள் இதை ஒழிப்போம் என்று 2019-இல் உறுதி கொடுத்தார். 2022 வந்து போய்விட்டது, ஒழியவில்லை. ஆனாலும் 1998-இல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர், 2003-இல் 32, 2014-இல் 21, 2022-இல் 15. இந்த இறக்கத்தை எந்த அதிபரின் கணக்கிலும் நான் எழுத மாட்டேன். மேரு அம்மாவின் நான்கு தங்கைகள், நாரோக் மருமகள், வகுப்பறை ஆசிரியை, அவரை பொறுக்கும் பொறுப்பாளர் இவர்களுடைய கணக்கு அது. காம்பியாவில் 2015-இல் வந்த தடையை நீக்க 2024-இல் ஒரு மசோதா வந்து, ஜூலையில் தோற்றது. அங்கும் வீதியில் நின்றவர்கள் வெட்டப்பட்ட பெண்களே என்பதைத் தோழி நினைவுபடுத்தினார்.

மதியம் கெஹான்சாவிலிருந்து அழைப்பு வந்தது. கூடத்தில் தங்கியிருக்கும் அக்காள் தங்கை இருவரில் மூத்தவளைக் கூட்டிப்போகத் தந்தை கையெழுத்திடத் தயார். இளையவளைப் பற்றி அத்தை இன்னும் பேச மறுக்கிறார். ஜனவரி 4-ஆம் தேதி கூட்டம் வைத்திருக்கிறார்கள். பள்ளி 6-ஆம் தேதி திறக்கிறது. இருவரும் சேர்ந்தே போக வேண்டும், ஒருத்தியை மட்டும் அனுப்ப மாட்டேன் என்று பொறுப்பாளர் தந்தையிடம் சொல்லிவிட்டாராம்.

அத்தை கூட்டத்துக்கு வரச் சம்மதித்திருக்கிறார். பேருந்துக் காசு 400 ஷில்லிங் கேட்டார். தோழி எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் இப்போதே அனுப்பிவிட்டார். தனக்கும் 3-ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டார்.